45 டிகிரியில் வெட்டியும் மூலை சேரவில்லையா? மைட்டர் கேஜ் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளியும் கொட்டாப்புளியும் வைத்து, பெரும்பாலும் கையாலேயே செதுக்கி முடிக்கிற வேலை அது. ரிஷிவந்தியத்தில் ஒருவர் அப்படி ஒரு பலகையை வாங்கி வந்து, வீட்டில் இருக்கும் சின்ன டேபிள் சாவை வைத்து அதற்குத் தானே பிரேம் போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலு சட்டம், ஒவ்வொன்றின் இரு முனையிலும் 45 டிகிரி வெட்டு. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. மூன்று மூலை கச்சிதமாகச் சேர்ந்துவிடும், நாலாவது மூலை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

உடனே வருகிற சந்தேகம் மெஷினோடு வந்த மைட்டர் கேஜ் மீதுதான். "அது மட்டமான சரக்கு, நல்லதா ஒண்ணு வாங்கிப் போட்டாச் சரியாயிடும்" என்று தோன்றும். பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் பணத்தைப் போட்டால், விலை உயர்ந்த கேஜிலும் அதே நாலாவது மூலை அப்படியே நிற்கும்.

எட்டு வெட்டின் கணக்கு

மைட்டர் கேஜ் என்பது, மேசை ரம்பத்தின் மேல்தளத்தில் பிளேடுக்கு இணையாக ஓடும் பள்ளத்தில் நுழைந்து முன்னும் பின்னும் நகரும் கோணமானி. பள்ளத்தில் ஓடுகிற பட்டை ஒன்று, அதன் மேல் திரும்பக்கூடிய அரைவட்டத் தலை ஒன்று, மரத்தைச் சாய்த்துப் பிடிக்க ஒரு முகப்பு. மரத்தைக் குறுக்கே வெட்டவும், சாய்வாக வெட்டவும் இதுதான் துணை.

ஒரு பிரேமுக்கு நாலு மூலை, எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் அரை டிகிரி தப்பினால், எட்டும் ஒரே பக்கமாகச் சேர்ந்து கடைசி மூலையில் 4 டிகிரி ஆகிவிடும். சட்டத்தின் அகலம் 50 மி.மீ. என்றால் சாய்வு வெட்டின் நீளம் சுமார் 71 மி.மீ. அதில் 4 டிகிரி என்பது கிட்டத்தட்ட 5 மி.மீ. இடைவெளி. ஆசாரி கணக்கில் சொன்னால் ஒன்றரை நூல். (ஓர் அங்குலத்தில் 8 நூல், ஒரு நூல் ஏறக்குறைய 3.2 மி.மீ.) தப்பு 0.1 டிகிரியாகக் குறைந்தால் இடைவெளி 1 மி.மீ. அளவுக்கு இறங்கும். இறுக்கிப் பிடித்துப் பசை போட்டால் அது பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஆக, வீட்டு வேலைக்கு வேண்டிய துல்லியம் 0.1 டிகிரி, முடிந்தால் அதற்கும் கீழே. மெஷினோடு வரும் கேஜின் அளவுகோலில் ஒரு டிகிரிக்கு ஒரு கோடுதான் இருக்கும். கோடும் தடிமன், முள்ளும் தடிமன். கண்ணால் பார்த்து அதில் 0.1 டிகிரி வைக்க யாராலும் முடியாது. இது அந்தக் கேஜின் குற்றம் இல்லை. அளவுகோலைப் பார்த்து வெட்டும் பழக்கத்தின் குற்றம்.

நிலைக்கதவு செய்கிற ஆசாரிக்கு இந்தத் தொல்லை அவ்வளவு கிடையாது. ஒரு சட்டத்தில் துளை, இன்னொன்றின் நுனியில் அதில் நுழையும் நாக்கு என்று அவர் சேர்ப்பதால், 45 டிகிரியே பல இடங்களில் தேவைப்படாது. படச்சட்டம், பூஜை அலமாரியின் முகப்பு, ஆறு பக்கத் தட்டு, எட்டுப் பக்கப் பெட்டி என்று போகும்போதுதான் கோணம் படுத்தும். ஆறு பக்கத்துக்கு 30 டிகிரியில் 12 வெட்டு, எட்டுப் பக்கத்துக்கு 22.5 டிகிரியில் 16 வெட்டு. பக்கம் கூடக் கூடத் தப்பும் கூடும்.

முதலில் ஆட்டத்தைப் பாருங்கள்

கடையில் கேஜைக் கையில் எடுத்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது தலையில் உள்ள எண்களை. பார்க்க வேண்டியது அடியில் உள்ள பட்டையை. பள்ளத்தில் அது லொடலொடவென்று ஆடினால், மேலே எவ்வளவு நுட்பமான அளவுகோல் இருந்தும் பயனில்லை.

பட்டைக்கும் பள்ளத்துக்கும் இடையே அரை மி.மீ. ஆட்டம் இருப்பதாக வையுங்கள். பட்டையில் 300 மி.மீ. பள்ளத்துக்குள் இருந்தால் கோணம் 0.1 டிகிரி வரை மாறலாம். அகலப் பலகையை வெட்டும்போது கேஜை முன்பக்கம் வெகுதூரம் இழுத்து வைக்க வேண்டியிருக்கும். அப்போது 100 மி.மீ. மட்டும்தான் பள்ளத்துக்குள் இருக்கும். அதே அரை மி.மீ. இப்போது கால் டிகிரிக்கு மேல் ஆகிவிடுகிறது. சின்ன மெஷின்களில் மேசையே சிறிது என்பதால் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும்.

அதனால் புதிதாக வாங்குவதென்றால், பட்டையின் அகலத்தைக் கூட்டிக் குறைக்க வழி இருக்கிற கேஜையே வாங்க வேண்டும். சிலவற்றில் பட்டையின் பக்கவாட்டில் சின்னத் திருகுகள் இருக்கும், சிலவற்றில் பட்டையே விரிந்து கொடுக்கும். எப்படியானாலும் சரி, பள்ளத்தில் இழைந்து ஓட வேண்டும், பக்கவாட்டில் அசையக் கூடாது. இந்த ஒரு வசதி இல்லாத கேஜுக்கு அதிக விலை கொடுப்பது வீண்.

இருப்பதையே சரிசெய்யவும் வழி உண்டு. பட்டையின் பக்கவாட்டு ஓரத்தில் சென்டர் பஞ்ச் வைத்து, சில அங்குல இடைவெளியில் லேசாகத் தட்டினால், குழியைச் சுற்றி இரும்பு கொஞ்சம் மேலெழும்பும். ஆட்டம் போய்விடும். ரொம்ப இறுகினால் அரத்தால் ஒரு தேய்ப்பு. இதுவும் வேண்டாம் என்றால், தள்ளும்போது பட்டையை எப்போதும் பள்ளத்தின் ஒரே சுவரோடு ஒட்டித் தள்ளிப் பழகலாம். காசு செலவில்லாத வைத்தியம் இது, பாதி நோயைத் தீர்க்கும்.

இணையத்தில் ஆர்டர் போடுவதற்கு முன் பள்ளத்தை அளக்க வேண்டும். உலகச் சந்தையில் விற்கும் பெரும்பாலான நல்ல கேஜ்கள் முக்கால் அங்குல அகலம், அதாவது 19 மி.மீ., மூன்று நூல் ஆழம் கொண்ட பள்ளத்துக்காகச் செய்யப்பட்டவை. எல்லா மெஷினிலும் இந்தப் பள்ளம் இருக்காது. சிறிய மெஷின்களில் குறுகலாகவோ ஆழம் குறைவாகவோ இருக்கலாம். சிலவற்றில் அடியில் இருபுறமும் விரிந்த வடிவமாக இருக்கும். வெர்னியர் காலிப்பர் வைத்து முன், நடு, பின் என மூன்று இடத்தில் அகலம் எடுத்து, ஆழத்தையும் குறித்துக்கொண்டு, அதன் பிறகு வாங்குங்கள். பெட்டியைப் பிரித்த பிறகு பட்டை நுழையவில்லை என்றால் பார்சலைத் திருப்பி அனுப்புகிற அலைச்சல் தனி.

நிற்கும் இடமும் நுண் அளவும்

விலை கூடிய கேஜ்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, குறிப்பிட்ட கோணங்களில் 'டக்'கென்று பல்லில் உட்கார்ந்து நிற்கும் வகை. இன்க்ரா நிறுவனத்தின் வி27 என்ற மாடல் 27 இடங்களில் இப்படி நிற்கும். இன்னொன்று, அதோடு வெர்னியர் அளவுகோலும் சேர்ந்த வகை. கிரெக் நிறுவனத்தின் கேஜில் 0, 10, 22.5, 30, 45 டிகிரியில் நிற்கும் இடங்களும், 0.1 டிகிரி வரை வைக்கும் வெர்னியரும் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பல்லில் நிற்கும் வசதி முதலில் கொடுப்பது, ஒரே கோணத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் உறுதியை. அந்தக் கோணம் உண்மையிலேயே 45-ஆ என்பது வேறு கேள்வி. தலை பட்டைக்குச் செங்குத்தாகப் பொருத்தப்படவில்லை என்றால் 45 என்று நிற்கும் இடம் 44.8-ஆக இருக்கும், ஒவ்வொரு முறையும் அதே 44.8-இல் நிற்கும். ஒரு தடவை சரியாகச் செங்குத்தில் வைத்துவிட்டால் மற்ற இடங்களும் தானாகச் சரியாகும் என்பதுதான் இந்த வகையின் பெரிய பலன். படச்சட்டமும் ஆறு பக்க, எட்டுப் பக்க வேலையும்தான் செய்யப்போகிறோம் என்றால் 0, 22.5, 30, 45 ஆகிய நாலு இடங்களில் அழுத்தமாக நிற்கிற கேஜே போதும். வெர்னியர் இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

இறக்குமதி கேஜ்களுக்கு வரியும் அனுப்பும் செலவும் சேரும்போது, சின்ன மெஷின் வைத்திருப்பவருக்குக் குதிரையைவிடச் சேணத்துக்குச் செலவு அதிகம் என்கிற கதையாகிவிடும்.

முகப்பு நீளமாக இருப்பது முக்கியம். மெஷினோடு வரும் கேஜின் முகப்பு ஒரு சாண் அளவு கூட இருக்காது. அதில் 18 மி.மீ. ப்ளைவுட் துண்டு ஒன்றை, ஒன்றரை இரண்டு அடி நீளத்தில் திருகிவிட்டால் மரம் ஆடாமல் நிற்கும், பின்பக்கம் சிலும்பு எழாது, பிளேடு வெட்டிய தடம் அந்த ப்ளைவுட்டிலேயே தெரிவதால் எங்கே வெட்டு விழும் என்று குறி வைக்கவும் வசதி. அதன் முகத்தில் உப்புத்தாளை ஒட்ட வேண்டும். சாய்வாக வெட்டும்போது பிளேடு மரத்தை மெல்லப் பக்கவாட்டில் இழுக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த நழுவல்தான் பல வீடுகளில் கேஜின் தலையில் விழுகிற பழிக்கு உண்மையான காரணம்.

எதிரெதிர்ச் சட்டங்கள் நீளத்தில் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கோணம் எட்டும் சரியாக இருந்து, ஒரு சட்டம் மட்டும் அரை நூல் நீளமாக இருந்தாலும் மூலை திறக்கும். டேப்பில் அளந்து தனித்தனியாக வெட்டக் கூடாது. ப்ளைவுட் முகப்பில் ஒரு கட்டையை இறுக்கி, இரண்டு சட்டத்தையும் அதில் முட்டவைத்து வெட்ட வேண்டும்.

அஞ்சு வெட்டுச் சோதனை

கேஜ் 90 டிகிரியில் நிற்கிறதா என்று பார்க்க மூலைமட்டம் வைப்பது வழக்கம். அதற்கு முன் மூலைமட்டத்தையே சோதிக்க வேண்டும்: நேர் ஓரமுள்ள பலகையில் ஒரு கோடு போட்டு, மட்டத்தைப் புரட்டி வைத்து அதே இடத்தில் மறுபடி கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. விலகினால், விலகியதில் பாதி மட்டத்தின் தப்பு.

அதைவிட நுட்பமானது அஞ்சு வெட்டுச் சோதனை. ஓரடிக்குக் கொஞ்சம் பெரிய சதுர ப்ளைவுட் போதும். முதல் ஓரத்தை வெட்டுங்கள். வெட்டிய ஓரம் கேஜின் முகப்பில் படுமாறு பலகையைத் திருப்பி அடுத்த ஓரம். இப்படி ஒரே திசையில் திருப்பித் திருப்பி நாலு ஓரமும் வெட்டியபின், ஐந்தாவதாக முதல் ஓரத்தையே மறுபடி, ஓர் அங்குல அகலப் பட்டையாக எடுக்க வேண்டும். அந்தப் பட்டையின் இரு முனை அகலத்தையும் காலிப்பரால் அளந்து, வித்தியாசத்தை நாலால் வகுத்தால் வருவது, பட்டையின் நீளத்தில் கேஜ் செய்யும் தப்பு.

உதாரணமாக, 300 மி.மீ. நீளப் பட்டையில் ஒரு முனை 25.8, மறுமுனை 25.0 என்றால் வித்தியாசம் 0.8. நாலால் வகுத்தால் 0.2 மி.மீ. கோணத்தில் 0.04 டிகிரிக்கும் குறைவு. வீட்டு வேலைக்கு இதற்கு மேல் தேட வேண்டியதில்லை. வித்தியாசம் 3 மி.மீ. என்று வந்தால் தப்பு 0.14 டிகிரி, சரிசெய்தே ஆக வேண்டும். சாதாரண எழுதுதாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம். கேஜின் தலைக்கும் ப்ளைவுட் முகப்புக்கும் இடையே ஒரு ஓரத்தில் தாள் துண்டுகளைச் செருகியே இந்த அளவைத் திருத்திவிடலாம்.

45 டிகிரிக்கு இதே வேலையைச் செய்வது ஒரு குட்டி பிரேம். வேஸ்ட் கட்டையில் எட்டு வெட்டு வெட்டி டேப் போட்டு ஒட்டிப் பார்த்தால், தப்பு எட்டு மடங்காகப் பெருகி கடைசி மூலையில் தெரியும். முதல் வைப்புக்கு பாலிடெக்னிக் பிள்ளைகள் வைத்திருக்கும் நல்ல செட் ஸ்கொயர் போதும். பிளேடின் மேல் ஒட்டிக்கொள்ளும் டிஜிட்டல் ஆங்கிள் பெட்டியை இதற்கு நம்ப வேண்டாம். அது புவியீர்ப்பை வைத்துச் சாய்வை மட்டும் அளப்பது. மேசைமேல் படுத்துத் திரும்பும் கோணம் அதற்குத் தெரியாது. பிளேடு மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க அதைப் பயன்படுத்தலாம், பார்க்கவும் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பள்ளமும் பிளேடும் இணையாக இருக்கின்றனவா? பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளேடின் ஒரு பல்லில் மார்க்கரால் குறியிட்டு, பள்ளத்திலிருந்து அந்தப் பல் வரை முன்பக்கம் ஒரு தடவையும், அதே பல்லைச் சுற்றிப் பின்பக்கம் கொண்டுவந்து இன்னொரு தடவையும் அளக்க வேண்டும். 0.1 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. அதிகமானால் பின்பக்கப் பல் மரத்தில் மறுபடி உரசும், வெட்டு முகம் கருகும், சிலும்பும். இதைப் புதுக் கேஜ் சரிசெய்யாது.

வாங்காமலே ஒரு வழி

படச்சட்டம்தான் முக்கிய வேலை என்றால், கேஜ் வாங்குவதைவிட வீட்டிலேயே ஒரு ஸ்லெட் செய்துகொள்வது மேல். 12 மி.மீ. ப்ளைவுட் தட்டு, அடியில் மேசையின் இரண்டு பள்ளத்திலும் ஓடும் இரண்டு கட்டைகள், மேலே கூம்பு மாதிரி இரண்டு முகப்புப் பலகைகள். முன்னும் பின்னும் தட்டு பிளந்துபோகாமல் பிடிக்க ஒவ்வொரு குறுக்குக் கட்டை. இரண்டு பள்ளத்தில் ஓடுவதால் ஆட்டம் மிகக் குறைவு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு முகப்பும் பிளேடுக்கு அச்சாக 45 டிகிரியில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தங்களுக்குள் அச்சாக 90 டிகிரியில் இருந்தால் போதும். ஒவ்வொரு மூலையிலும் சேரும் இரண்டு முனைகளில் ஒன்றை இடது முகப்பிலும் மற்றதை வலது முகப்பிலும் வெட்டுகிறோம். இடது 44.9 ஆனால் வலது 45.1. கூட்டினால் 90. மூலை மூடிவிடும். 50 மி.மீ. சட்டத்தில் இரண்டு சாய்வு முகங்களின் நீளம் சுமார் கால் மி.மீ. வித்தியாசப்படும், அவ்வளவுதான், உப்புத்தாளில் போய்விடும். 45-ஐ அளப்பது கடினம், 90-ஐ அளக்க நல்ல மூலைமட்டம் போதும். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கும் துல்லியத்தை ஒரு மூலைமட்டமும் ப்ளைவுட் துண்டும் கொடுத்துவிடுகின்றன.

ஓடும் கட்டைக்கு நன்றாகக் காய்ந்த தேக்கு எடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கொஞ்சம் உப்பிப் பிடிக்கும். அப்போது ஒரு சீவல் சீவி மெழுகு தேய்க்க வேண்டும். எண்ணெய் வேண்டாம், மரத்தூளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அலுமினியப் பட்டை போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பலவிதக் கோணங்களில் அடிக்கடி வேலை செய்பவருக்கு மட்டும் நல்ல கேஜ் அவசியம். ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு ஸ்லெட் செய்து சுவரில் மாட்டிக்கொண்டிருக்க முடியாது.

விரல் பத்திரம்

மைட்டர் கேஜையும், நீளவாக்கில் அறுக்கப் பயன்படும் பக்கச் சட்டத்தையும் ஒரே வெட்டில் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது. நீளம் அளக்க வசதியாக இருக்கிறதே என்று மரத்தின் முனையைப் பக்கச் சட்டத்தில் முட்டவைத்து வெட்டினால், வெட்டுப்பட்ட துண்டு பிளேடுக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கி, ஆள் மீது பாயும். நீளம் அளக்கத்தான் வேண்டும் என்றால் பிளேடுக்கு வெகு முன்னாலேயே ஒரு கட்டையை இறுக்கி, மரம் பிளேடைத் தொடும்போது அந்தக் கட்டையை விட்டு விலகியிருக்குமாறு பார்க்க வேண்டும். வெட்டிய சின்னத் துண்டைப் பிளேடு முழுதாக நின்ற பிறகே எடுக்க வேண்டும்.

மார்பிள் கட்டரைத் தலைகீழாக ப்ளைவுட்டில் மாட்டி 'டேபிள் சா' ஆக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதற்கு மைட்டர் கேஜ் தேடுபவர்களும் உண்டு. பிளேடுக்கு மேல் மறைப்பு கிடையாது, பின்னால் மரத்தைப் பிரித்துப் பிடிக்கும் தகடு கிடையாது, சுவிட்ச் மேசைக்கு அடியில். அந்த அமைப்புக்கு எந்தக் கேஜையும் பரிந்துரைக்க முடியாது. கையில் பிடித்து அறுக்கும் ரம்பமும், 45 டிகிரித் தடம் போட்ட மரப்பெட்டியும் அதைவிட நேராக வெட்டும்.

மரமே மாறினால்?

எல்லாம் சரியாக வெட்டி, ஒட்டி, மாட்டியாயிற்று. ஆறு மாதம் கழித்து மூலை மறுபடி திறக்கிறது. இப்போதும் கேஜைத் திட்டக் கூடாது. மரம் ஈரத்துக்கு ஏற்ப அகலத்தில் விரியும், சுருங்கும். நீளத்தில் கிட்டத்தட்ட மாறாது. 50 மி.மீ. சட்டம் காய்ந்து அரை மி.மீ. சுருங்கினாலே வெட்டின் கோணம் 45-லிருந்து 45.3-க்குப் போய்விடும். மூலையின் உள்பக்கம் ஏறக்குறைய 0.7 மி.மீ. வாய் திறக்கும். ஈரத்தில் உப்பினால் வெளிப்பக்கம் திறக்கும்.

எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். வெட்டிய அன்றைக்கே திறந்திருந்தால் கோணமோ நீளமோ தப்பு. சித்திரை வெயிலில் நாலு மூலையும் உள்பக்கமாகத் திறந்தால் பச்சை மரம். வாகையோ தேக்கோ, அறுத்த சட்டத்தை வீட்டுக்குள் காற்றுப் படும்படி சில வாரமாவது அடுக்கி வைத்து, அதன் பிறகே இறுதி வெட்டு வெட்ட வேண்டும். அகலமான சட்டத்தில் பிளவு பெரிதாகத் தெரியும், குறுகலான சட்டத்தில் தெரியாது. பெரிய சிற்பப் பலகைக்குப் பிரேம் போடுபவர்கள் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் அகலம் வைக்காமல் இருப்பது நல்லது. பலகையைப் பிரேமோடு பசை போட்டு ஒட்டாமல், பள்ளத்தில் தளர்வாக உட்காரவிட வேண்டும். அதுவும் அகலத்தில் விரியும் மரம்தானே.